ஈரலை மறந்த எயிட்ஸ் தினம்

வருடந்தோறும் டிசெம்பர் முதலாந் திகதி யாழ்ப்பாணத்தில் என்ன நடக்கும் என்பதை முதல்நாள் இரவே செய்தியாக எழுதிப் பக்கத்தில் சேர்த்து வைத்துவிடலாம். பாடசாலை மாணவர் பதாகை ஏந்தி நடப்பர். பிரமுகர்களின் சட்டையில் சிவப்பு நாடா குத்தப்படும். ஒருவர் கலாசாரச் சீரழிவு பற்றிப் பேசுவார். மற்றவர் எமது முன்னோரின் ஒழுக்கம் பற்றிப் பேசுவார். மறுநாள் படம் வரும். நெடுங்காலம் செய்தி மேசையில் இருந்தவன் என்ற வகையில், பேச்சாளரின் பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று சொல்லும் துணிவு எனக்கு உண்டு.

யூலை 28 ஆம் திகதிக்கு இந்தச் சடங்கு அளவுக்குக்கூடக் கவனம் கிடைப்பதில்லை. அது உலக ஈரலழற்சி தினம். ஈரலழற்சி பி கிருமியைக் கண்டறிந்தமைக்காக 1976 இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பேர்க் பிறந்த நாள் அது. இந்தியாவின் முதலாவது எச்.ஐ.வி. தொற்றுகளை 1986 இல் சென்னையில் கண்டறிந்து, நம்ப மறுத்த ஒரு சமூகத்துக்கு அதனை எடுத்துச் சொன்ன மருத்துவர் சுனிதி சொலமன் 2015 இல் காலமானதும் அதே யூலை 28 இல்தான். இரு நோய்களையும் ஒரே நாளில் நினைப்பதற்கு நாட்காட்டியே வழி செய்து தந்திருக்கிறது. ஆயினும் எமது பத்திரிகைகளில், எமது மேடைகளில், எமது உரையாடல்களில் இவை இரண்டும் ஒன்றையொன்று அறியாத அந்நியர்கள்.

விடயத்துக்கு வருகிறேன். எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் ஒருவர், ஒழுங்காகக் குளிசை எடுப்பாராயின், இன்று எயிட்ஸினால் இறக்க வேண்டியதில்லை. இலங்கையில் 2004 இன் இறுதி தொடக்கம் அரச சிகிச்சை நிலையங்களில் அந்த மருந்து இலவசம். ஆனால் அவருடைய ஈரலுக்குள் இன்னொரு கிருமி பேசாமல் இருந்து வேலை செய்துகொண்டிருந்தால்? எச்.ஐ.வி. குருதியாலும் உடலுறவாலும் தாயிடமிருந்து பிள்ளைக்கும் தொற்றுகிறது. ஈரலழற்சி பி யும் அதே மூன்று வழிகளால் தொற்றுகிறது. சி பெரும்பாலும் குருதி வழியே செல்கிறது. பாதை ஒன்றென்றால் பயணிகள் சேர்ந்து வருவதில் ஆச்சரியம் என்ன? உலக சுகாதார நிறுவனம் 2017 இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி எச்.ஐ.வி. யுடன் வாழ்வோரில் ஏறத்தாழ 27 இலட்சம் பேருக்கு ஈரலழற்சி பி யும் இருந்தது. 23 இலட்சம் பேரின் குருதியில் ஈரலழற்சி சி தொற்றியதற்கான அடையாளம் இருந்தது. எச்.ஐ.வி. உடனிருக்கும்போது இவ்விரு கிருமிகளும் ஈரலைத் தழும்பாக்கும் வேகம் கூடுகிறது. ஈரல் இறுக்கமும் ஈரல் புற்றுநோயும் பிந்தி வரவேண்டியவை முந்தி வருகின்றன.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2022 இல் உலகெங்கும் எயிட்ஸ் தொடர்பான காரணங்களால் ஏறத்தாழ 6 இலட்சத்து 30 ஆயிரம் பேர் இறந்தனர். அதே ஆண்டில் ஈரலழற்சிக் கிருமிகளால் இறந்தோர் 13 இலட்சம். இரண்டு மடங்கு. அந்த இரண்டு மடங்குக்கு நாடாவும் இல்லை, ஊர்வலமும் இல்லை.

"இலங்கை குறைந்த பரவல் உள்ள நாடுதானே, இதற்கு ஏன் இவ்வளவு சத்தம்?" என்று கேட்பவர்கள் உண்டு. படித்தவர்கள்தாம் பெரும்பாலும் கேட்கிறார்கள். குறைந்த பரவல் என்பது உண்மை. எச்.ஐ.வி. யிலும் சரி, ஈரலழற்சியிலும் சரி, நாம் தென்னாபிரிக்காவோ ஒருகாலத்து எகிப்தோ அல்லோம். ஆனால் நாட்டில் 2022 இல் 607 பேருக்கும் 2023 இல் 697 பேருக்கும் புதிதாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. எண்ணிக்கை ஏறுகிறது. குறைந்த பரவல் என்பது கையைக் கட்டிக்கொண்டு இருப்பதற்கான அனுமதிப்பத்திரமா? எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போதுதான் ஒவ்வொருவரையும் தேடிப் பார்த்து, ஒவ்வொருவரின் ஈரலையும் காப்பாற்ற முடியும், செலவும் தாங்கும். மலேரியாவை அப்படித்தான் விரட்டி 2016 இல் சான்றிதழ் வாங்கினோம். கடைசி நோயாளி வரை துரத்திச் சென்ற நாடு இது.

எமது ஊரின் தனித்த சிக்கல் வேறு. செங்கண்மாரி என்ற ஒரே சொல்லுக்குள் நாம் எல்லாவற்றையும் போட்டு வைத்திருக்கிறோம். கண் மஞ்சளித்தால் செங்கண்மாரி. அது மலங்கலந்த நீரால் வரும் ஏ வகையா, குருதியால் வரும் பி வகையா, சாராயத்தால் வந்ததா, பித்தக்கல்லால் வந்ததா என்ற கேள்வி எழுவதே இல்லை. 2009 இல் வவுனியா முகாம்களில் மக்கள் அடைக்கப்பட்டிருந்தபோது பரவியது ஏ வகை. தண்ணீரும் மலசலகூடமும் சீராக இருந்திருந்தால் அது வந்திருக்காது. பெரும்பாலும் தானாகவே மாறிவிடும் அது. குடாநாட்டில் கிணறும் மலக்குழியும் அருகருகே அமைந்த வளவுகளில் பிறந்து வளர்ந்த எமக்கு அந்த வகைதான் பழக்கம். பழக்கமான அந்த நோய் "தானாக மாறியது" என்பதை வைத்துக்கொண்டு, தானாக மாறாத மற்ற இரண்டையும் அளக்கிறோம். நாட்பட்ட பி யும் சி யும் கண்ணை மஞ்சளாக்காமலே இருபது, முப்பது வருடங்கள் இருக்கக்கூடியவை. மஞ்சள் தெரியும் நாளில் பெரும்பாலும் ஈரல் போய்விட்டிருக்கும்.

இங்கே கீழ்க்காய்நெல்லி பற்றிச் சொல்லாமல் போக முடியாது. எதிர்க்கடிதம் எழுதுவதற்குச் சிலர் பேனாவைத் திறப்பது எனக்குத் தெரிகிறது. கீழ்க்காய்நெல்லியை நான் இகழவில்லை. அதை ஆராயாமலே மேலைநாட்டார் ஒதுக்கினார்கள் என்று மேடைகளில் சொல்லப்படுவதுதான் பொய். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் ஈரலழற்சி பி கிருமியைக் காவி நின்றவர்களுக்கு இந்த மூலிகையைக் கொடுத்துச் செய்த ஆய்வு 1988 இல் 'லான்செற்' சஞ்சிகையில் வெளியானது. முடிவு வியப்பூட்டுவதாக இருந்தது. பாதிக்கு மேற்பட்டோரிடம் கிருமியின் அடையாளம் மறைந்ததாக அது கூறியது. அந்தக் கட்டுரையில் பெயர் சேர்த்தவர்களுள் ஒருவர், மேலே நான் சொன்ன அதே புளும்பேர்க். கிருமியைக் கண்டுபிடித்தவரே எமது மூலிகையைத் தேடி வந்தார்! இதைவிட மரியாதை ஒரு மூலிகைக்கு யார் செய்வது? ஆனால் தாய்லாந்திலும் பிற இடங்களிலும் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. விஞ்ஞானம் அங்கே நின்றது. எமது நம்பிக்கை மட்டும் 1988 இலேயே நின்றுவிட்டது.

அரைத்துக் குடிப்பதால் மட்டும் கேடு வருவதில்லை. குடிக்கும் நாட்களில் பத்தியம் காப்பதாகச் சொல்லி "இங்கிலீஷ் மருந்தை" நிறுத்துகிறார்களே, ஆபத்து அங்கேதான் இருக்கிறது. எச்.ஐ.வி. க்கு இன்று கொடுக்கப்படும் குளிசையில் வழமையாக இருக்கும் டெனோபோவிர், லமிவுடின் என்ற இரண்டும் ஈரலழற்சி பி யையும் அடக்குபவை. பி கிருமியும் தன்னைப் பெருக்கும்போது எச்.ஐ.வி. கையாளும் அதே தந்திரத்தின் ஒரு பகுதியைக் கையாள்வதால், ஒரே மருந்து இரண்டின் கழுத்தையும் பிடிக்கிறது. பிடித்த கையைத் திடீரென எடுத்தால் என்ன ஆகும்? எச்.ஐ.வி. சில வாரங்களில் மீண்டும் பெருகினாலும் உடலைக் கெடுப்பது மெதுவாகத்தான். பி அப்படியல்ல, சில வாரங்களிலேயே கிளர்ந்து ஈரலைத் தாக்கலாம். சிலருக்கு அது உயிராபத்து. எனவே இரு தொற்றும் உள்ளவர் குளிசையை நிறுத்துவது, ஒன்று மட்டும் உள்ளவர் நிறுத்துவதிலும் பார்க்கப் பன்மடங்கு பாரதூரமானது. வெளிநாடுகளில் இப்போது புழங்கும் சில புதிய மருந்துமுறைகளில், குறிப்பாக மாதங்களுக்கு ஒருமுறை போடும் ஊசிமுறையில், பி யை அடக்கும் மருந்து இல்லை. புலம்பெயர்ந்த வாசகர் எவராவது மருந்து மாற்றும் நிலையில் இருந்தால், தமக்கு பி உண்டா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.

இத்தனையும் ஒருவரின் காதுக்குப் போய்ச் சேரவேண்டுமானால் அவர் சிகிச்சை நிலையத்தின் வாசலை மிதிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் அந்த வாசல்தான் தூரம். நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்துப் பட்டணம் வருவதை மட்டும் நான் தூரம் என்று சொல்லவில்லை. அங்கே இருக்கையில் உட்கார்ந்திருக்கும்போது, தன் ஊர்க்காரர் ஒருவர் கண்டுவிடுவாரோ என்ற தூரம். குடாநாட்டில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் உறவு. வவுனியாவுக்கும் கொழும்புக்கும் போய் மருந்தெடுக்கும் யாழ்ப்பாணத்தவர்களை நான் அறிவேன். 2022 இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் அவர்கள் எப்படிப் போய் வந்தார்கள் என்று கேட்டேன். ஒருவர் சிரித்தார். பதில் சொல்லவில்லை.

அந்தத் தூரத்தை உண்டாக்கியதில் என் தொழிலுக்குப் பெரும் பங்குண்டு. எமது செய்திகளில் எச்.ஐ.வி. தொற்றுடையவர் "சிக்குவார்". "அடையாளம் காணப்பட்டார்" என்பதுகூட அல்ல. கள்ளன் சிக்குவது போல, கசிப்புக் காய்ச்சியவன் சிக்குவது போலச் "சிக்கினார்". அதன்கீழ் ஊரின் பெயர், வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை. பெயரை மட்டும் மறைத்துவிட்டு, ஊடக ஒழுக்கம் காத்ததாக நிமிர்ந்து உட்காருவோம். ஒரு கிராமத்தில் நாற்பத்திரண்டு வயதில், மூன்று பிள்ளைகளுடன், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர் எத்தனை பேர் இருப்பர்? பெயர் எதற்கு? வினைச்சொல் ஒன்று மனிதரைக் கொல்லும் என்பதை இலக்கணம் படித்தவர்களாவது உணர வேண்டாமா?

2016 இல் குளியாப்பிட்டியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தகப்பன் எயிட்ஸினால் இறந்தார் என்ற வதந்தி போதும். ஆறு வயதுப் பிள்ளையைச் சேர்த்தால் தம் பிள்ளைகளை எடுத்துவிடுவோம் என்று பெற்றோர் பாடசாலையை முடக்கினார்கள். பிள்ளைக்குத் தொற்று இல்லை என்ற பரிசோதனை முடிவுகூட அவர்களை அசைக்கவில்லை. கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரி கதவைத் திறந்தது. அது சிங்களக் கிராமம், நாம் அப்படியல்லோம் என்று எவரும் மார்தட்ட வேண்டாம். 2002 இல் ஏ9 பாதை திறந்தபோது எயிட்ஸ் பஸ் ஏறி வருகிறது என்று பேசியவர்கள் நாம். 2009 இன் பின்னர் அதே பேச்சைத் தெற்கிலிருந்து வந்த உல்லாசப் பயணிகள் மீது திருப்பினோம். அதன்பின் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் மீது. நோய் எப்போதும் வெளியிலிருந்து வருவது. நாம் எப்போதும் தூய்மையானவர்கள். ஆண்களுடன் உறவு கொள்ளும் ஆண்களிடையே புதிய தொற்றுகள் கூடுகின்றன என்று தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் தடுப்பு நிகழ்ச்சித்திட்டம் சொன்னால், எமது ஊரில் அப்படி எவருமே இல்லை என்கிறோம். தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365ஏ பிரிவுகளைத் தலைக்குமேல் தொங்கவிட்டுக்கொண்டு, "பயப்படாமல் பரிசோதனைக்கு வாருங்கள்" என்று சுவரொட்டி ஒட்டும் அரசை என்னவென்பது?

பரிசோதனை என்றதும் நினைவுக்கு வருகிறது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களின் மருத்துவச் சோதனையில் எச்.ஐ.வி., ஈரலழற்சி பி, சி மூன்றும் பார்க்கப்படுகின்றன. ஒன்று இருந்தாலும் பயணம் இல்லை. வடமராட்சி இளைஞர் ஒருவர் அப்படி 'அன்பிட்' என்று எழுதிய துண்டுடன் என்னிடம் வந்தார். மனைவியின் தாலிக்கொடியை ஈடுவைத்து முகவருக்குக் கட்டிய பணம் போய்விட்டிருந்தது. "அண்ணை, எனக்கு எயிட்ஸோ?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை, ஈரலழற்சி பி. ஒரு வைத்தியரிடம் அனுப்பினேன். அதுவரை அவருக்கு எவரும், அது என்ன கிருமி, ஈரலை எப்படிக் கண்காணிப்பது, மனைவிக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் பரிசோதனை செய்து தடுப்பூசி போடவேண்டும் என்ற எதையும் சொல்லியிருக்கவில்லை. துண்டைக் கையில் கொடுத்து அடுத்தவரைக் கூப்பிட்டார்களாம். ஒரு நாட்டின் வாசலில் ஆளை மறிப்பதற்கு மட்டும் பயன்படுகிறது, ஓர் உயிரைக் காக்கவேண்டிய பரிசோதனை.

இதன் மறுபக்கத்தை லண்டனிலுள்ள எமது உறவுகள் அறிவர். 2022 ஏப்பிரல் தொடக்கம் அங்குள்ள அவசர சிகிச்சைப் பிரிவுகளில், வேறெதற்கோ குருதி எடுக்கும்போதே, வேண்டாம் என்று சொன்னாலன்றி எச்.ஐ.வி. யுடன் ஈரலழற்சி பி யும் சி யும் சேர்த்துப் பார்க்கிறார்கள். கை முறிந்து போனவருக்கும் பார்க்கிறார்கள், நெஞ்சுநோவென்று போனவருக்கும் பார்க்கிறார்கள். "உன் ஒழுக்கம் எப்படி" என்று கேட்பதில்லை. அவ்வாறு பார்த்ததில் எச்.ஐ.வி. யிலும் பார்க்க ஈரலழற்சி பி தான் அதிகம் பேரிடம் புதிதாக வெளிப்பட்டது.

இனி, பேசவே கூடாதென்று நாம் முடிவு செய்துவிட்ட விடயம். குடாநாட்டு இளைஞரில் ஒரு பகுதியினர் ஹெரோயினை ஊசி மூலம் ஏற்றுகிறார்கள் என்ற செய்தி 2022 அளவில் யாழ்ப்பாணப் பத்திரிகைகளில் அடிக்கடி வந்தது. ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்தால் எச்.ஐ.வி. க்கு முன்னர் அங்கே போய்ச் சேருவது ஈரலழற்சி சி. ஊசிக்குத்து ஒன்றால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஆயிரத்துக்கு மூன்று என்றால், சி க்கு ஏறத்தாழ நூறுக்கு இரண்டு மூன்று. பி க்குத் தடுப்பூசி போடாதவரிடம் நூறுக்கு முப்பது வரை. சென்னையில் ஊசி மூலம் போதை ஏற்றுவோரிடம் வை.ஆர்.ஜி. கேயர் நிறுவனம் செய்த பணிகள் எச்.ஐ.வி. யும் சி யும் எப்படிச் சேர்ந்தே நிற்கின்றன என்பதை நீண்ட காலமாகச் சொல்லி வருகின்றன. பாக்குநீரிணைக்கு அப்பால்தான் சென்னை. நாம் என்ன செய்கிறோம்? பிடிபட்ட பையன்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கிறோம். சுத்தமான ஊசி கொடுக்கும் திட்டம் பற்றி வாய் திறந்தால், போதைக்கு வக்காலத்து வாங்குவதாகச் சண்டைக்கு வருகிறார்கள். ஈரலழற்சி சி க்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் மூன்று மாதக் குளிசையில் நூறுக்குத் தொண்ணூற்றைந்து பேரளவில் முற்றாகக் குணமாகிறார்கள், எச்.ஐ.வி. உள்ளவர்களும் அப்படியே. அமெரிக்காவில் ஒரு குளிசை ஆயிரம் டொலர் விற்ற அந்த மருந்தை இந்தியக் கம்பனிகள் மிகக் குறைந்த விலையில் செய்கின்றன. குணமாக்கக்கூடிய நோயை ஒழுக்கத்தின் பெயரால் வளர்ப்பதற்கு என்ன பெயர் வைப்பது?

செடில் பற்றியும் ஒரு சொல். காவடியால் நோய் பரவியது என்று நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். நல்லூரிலும் சந்நிதியிலும் பக்தியோடு எடுப்பவர்கள் என் உறவினர்கள். ஆனால் ஈரலழற்சி பி கிருமி உடம்புக்கு வெளியே, காய்ந்த குருதியில், ஏழு நாட்கள் வரை உயிர்ப்புடன் இருக்கும். ஒருவர் முதுகில் ஏற்றிய முள்ளை அவித்துச் சுத்திகரிக்காமல் மற்றவர் முதுகில் ஏற்றக்கூடாது என்று சொல்வதற்குப் பக்தி குறுக்கே நிற்காது. சலூன் சவரக்கத்திக்கும் பச்சை குத்துமிடத்துக்கும் இதுவே விதி. எச்.ஐ.வி. தொற்றுடையவரின் தேநீர்க் கோப்பையைத் தனியே ஒதுக்கி வைக்கும் வீடுகளில்தான் ஒரே சவர அலகு மூன்று ஆண்களுக்குப் பயன்படுகிறது.

என்ன செய்யலாம்? பெரிய காரியம் எதையும் நான் கேட்கவில்லை. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. கர்ப்பிணிகள் எல்லோரிடமும் குருதி எடுத்துப் பார்த்ததால் கிடைத்த வெற்றி அது. எமது குடும்பநல உத்தியோகத்தர்கள் வீடு வீடாகப் போய்ச் சம்பாதித்தது. அந்தக் குழாயில் இருக்கும் அதே குருதியில் ஈரலழற்சி பி யையும் சேர்த்துப் பார்த்து மூன்றையும் ஒழிக்க வேண்டும் என்பதே இன்று உலகம் ஏற்ற முறை. பிறக்கும்போது தொற்றினால் நூறில் தொண்ணூறு பிள்ளைகளிடம் அது நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. வளர்ந்தவரிடம் நூறில் ஐந்துக்கும் குறைவு. எச்.ஐ.வி. உள்ள வளர்ந்தவரிடம் அதனிலும் கூட. பிள்ளைகளுக்கான தேசிய தடுப்பூசித் திட்டத்தில் ஈரலழற்சி பி 2003 இல்தான் சேரத் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள், அதாவது போர்க்காலத்தில் பிறந்து வளர்ந்த முழுத் தலைமுறையும், தாமாகத் தேடிப் போட்டிருந்தாலன்றிப் பாதுகாப்பு இல்லாதவர்கள். எச்.ஐ.வி. தொற்றுடையவருக்கும் அவருடைய துணைக்கும், ஊசி பகிரும் இளைஞருக்கும், 'அன்பிட்' துண்டு வாங்கியவரின் வீட்டாருக்கும் அந்தத் தடுப்பூசி எங்கே, எந்நாளில், யாரிடம் கிடைக்கும் என்பதை மாகாண சுகாதாரத் திணைக்களம் தமிழில் எழுதி ஒட்டட்டும். அதைப் பத்திரிகைகள் விளம்பரக் கட்டணம் கேளாமல் வெளியிடட்டும்.

கடைசியாகப் புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்களுக்கு. வைத்தியசாலைகளுக்கு நீங்கள் அனுப்பிய இயந்திரங்களுக்கும் கட்டிக்கொடுத்த விடுதிகளுக்கும் ஊர் நன்றியுடையது. சுவரில் பெயர்களும் இருக்கின்றன. ஆறு மாதத்துக்குள் மூன்று தடவை ஏற்றும் ஒரு தடுப்பூசியில் பெயர் பொறிக்க இடமில்லை என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் இவ்வருடச் செயற்குழுவில் ஒருமுறை எடுத்துப் பேசுங்கள். பணம் சேர்க்குமுன் இங்குள்ள பால்வினை நோய்ச் சிகிச்சை நிலைய வைத்தியர்களிடம் எத்தனை பேருக்கு என்ன தேவை என்று கேளுங்கள். பட்டியலைப் பெயர்களோடு கேட்காதீர்கள்; எண்ணிக்கை போதும்.